வெள்ளாங்குளமும் வெள்ளைச் சட்டையும்

மன்னார்த் தீவிலிருந்து பாலத்தைக் கடந்து பெருநிலத்தை அடைந்து, பூநகரிக்குச் செல்லும் ஏ-32 வீதியில் வடக்கு நோக்கிப் பயணஞ் செய்வோருக்குக் கடல் நெடுந்தூரம் துணையாக வருகிறது. ஆயினும் அது கண்ணுக்கு அடிக்கடி புலப்படுவதில்லை. மாந்தையும் விடத்தல்தீவும் இலுப்பைக்கடவையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னே செல்ல, உப்புக் காற்று மாத்திரம் பஸ்ஸின் யன்னல் வழியே வந்து முகத்தில் படிகிறது. மன்னார் மாவட்டம் முடிவுறும் தறுவாயில், கிழக்கே துணுக்காய், மாங்குளம் நோக்கி ஒரு வீதி பிரிந்து செல்லும் இடத்தை அண்டி அமைந்திருக்கிறது வெள்ளாங்குளம்.

2008ஆம் ஆண்டில் போர் இப்பகுதியைக் கடந்தபோது இங்குள்ள மக்கள் கையிற் கிடைத்ததை எடுத்துக்கொண்டு இடம்பெயர்ந்தனர். 2009இல் போர் முடிந்தபின் மீண்டும் வந்து, பற்றை வெட்டி, கூரை வேய்ந்து குடியேறினர். 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டபின் யாழ்ப்பாணத்துக்கும் மன்னாருக்குமிடையே இவ்வழியே வாகனங்கள் ஓடத் தொடங்கின. இன்று நல்ல தார் வீதியில் விரைந்து செல்லும் பிரயாணிகளுட் பலர் வெள்ளாங்குளத்தைப் பெயர்ப்பலகையாக மட்டுமே அறிவர்.

நாம் அங்கு இறங்கியதற்குக் காரணம் எம்முடன் வந்த ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை. தம்மிடம் படித்த பெண்ணொருத்தி "உடுப்புப் படம் கீறுகிறாள்" என்றும், அவளுக்கு யாரேனும் வழி சொல்லவேண்டும் என்றும் அவர் வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

வீட்டுத் திண்ணையில் காலால் மிதிக்கும் பழைய தையல் மெஷின் ஒன்று இருந்தது. அதன் பக்கத்தில் வெள்ளைத் துணி மலைபோற் குவிந்து கிடந்தது. அரசாங்கம் பாடசாலைப் பிள்ளைகளுக்கு இலவசமாக வழங்கும் சீருடைத் துணி அது. ஊரிலே தைக்கத் தெரிந்த பெண்ணுக்கு முதல் வருமானம் இச்சீருடையிலிருந்தே வருகிறது. புதிய தவணை தொடங்கும் முன் இரவு பகலாக வேலை. பின்பு பல வாரங்களுக்கு மெஷினுக்கு ஓய்வு. இடையிலே சேலைச் சட்டைகள் சில வரும். சாமத்திய வீடு ஒன்று வந்தால் அது நல்ல காலம்.

ஆனால் இக்கரையோரத்திலே வேறொரு வேலையும் உண்டு. மன்னார்ப் பகுதி கத்தோலிக்கர் மிகுந்த பகுதி. பிள்ளைகள் முதல் நன்மை வாங்கும் நாளில் பெண்பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டை அணிவிப்பது வழக்கம். ஆடித் திருவிழாவுக்கும் ஆவணித் திருவிழாவுக்கும் மடுமாதாவிடம் செல்லும் குடும்பங்கள் புதுத்துணி எடுக்கும். எனினும் முதல் நன்மைச் சட்டைக்கு உள்ள கவனம் வேறெந்த உடுப்புக்கும் இல்லை. தாய்மார் கைத்தொலைபேசியில் எங்கோ ஒரு தேசத்துக் குழந்தையின் படத்தைக் காட்டி, "இதைப்போலத் தை, பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

அப்பெண் தைத்து முடித்த அத்தகைய சட்டை ஒன்றை எமக்குக் காட்டினாள். படத்திலிருந்த சட்டை முழுவதும் மினுங்கும் துணியாலும் வலைத்துணியாலும் ஆனது. இவள் தைத்ததிலோ வலைத்துணி பாவாடைப் பகுதிக்கு மேலே ஏறவில்லை. கழுத்தைச் சுற்றி மெல்லிய பருத்தி, உள்ளேயும் பருத்தி.

"ஏன் பிள்ளை இப்பிடி மாத்தினனீ?" என்று ஆசிரியை கேட்டார்.

"கோயிலுக்குள்ள ரெண்டு மணித்தியாலம் நிக்கவேணும் ரீச்சர். வேர்வைக்கு அந்த வலை கழுத்தை அரிக்கும். பிள்ளை பூசை காணாது, கழுத்தைத்தான் சொறியும்."

பக்கவாட்டுத் தையலினுள்ளே இரண்டு விரற்கடை அளவு துணி மிகுதியாக மடிக்கப்பட்டிருந்தது. அடிமடிப்பும் அகலமானது. வீட்டிலே தங்கை ஒருத்தி இருக்கிறாளாம்; அவள் சற்றுப் பருமனானவளாம். இரண்டு வருடங்களின் பின் அதே சட்டையைப் பிரித்து விரித்து அவளுக்கும் அணிவிக்கலாம் என்பது கணக்கு. இவ்வளவையும் சட்டைக்குச் சொந்தக்காரி கேட்கவில்லை. தைத்தவள் தானாகவே எண்ணிச் செய்தாள்.

ஆடை வடிவமைப்பு என்றால் மேடையிலே ஒளிவெள்ளத்தில் நடந்துவரும் மெலிந்த பெண்களே பலருக்கும் நினைவில் வருகிறார்கள். கொழும்பிலே 2003ஆம் ஆண்டு முதல் நடைபெற்றுவரும் 'கொழும்பு ஃபாஷன் வீக்' போன்ற காட்சிகளைப் பத்திரிகைகளிற் கண்டவர்கள் அப்படி நினைப்பதில் வியப்பில்லை. நாமோ அந்தக் கழுத்துப் பருத்தியையே வடிவமைப்பு என்போம். அணிபவர் யார், எவ்வளவு நேரம் அணிவார், எந்த வெயிலில் அணிவார், பின்பு அவ்வுடுப்பு யாரிடம் போகும் என்பவற்றை முன்கூட்டி நினைப்பவரே வடிவமைப்பாளர். படம் கீறுவது அதன் பின்னர் வருவது.

அவளுடைய வெட்டுமாதிரிகள் ஆணியொன்றில் மாட்டப்பட்டிருந்தன. எல்லாம் பழைய பத்திரிகைத் தாள்கள். ஞாயிறு மலர் ஒன்று கைக்குழி வடிவில் வட்டமாக வெட்டப்பட்டுத் தொங்குவதைக் கண்டோம். எழுதுவோரின் அகந்தைக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது. கை தைப்பதுதான் அவளுக்கு நெடுநாள் வராதிருந்ததாம். கையின் மேல்வளைவு கைக்குழியின் சுற்றளவைக் காட்டிலும் சிறிது கூடுதலாக இருக்கவேண்டும். அக்கூடுதலைச் சுருக்குத் தெரியாமல் உள்ளடக்கித் தைத்தாற்றான் தோள் தாராளமாக அசையும். இதை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. மன்னாரில் வாங்கிய சட்டை ஒன்றைத் தையல் தையலாகப் பிரித்துக் கண்டுகொண்டாள்.

"எல்லாரும் என்னைத் தையல்காரப் பிள்ளை எண்டுதான் சொல்லுகினம் ரீச்சர். தைக்கிறது வேறை, சட்டையை நினைக்கிறது வேறை. நினைக்கிறதுக்கு ஆரும் காசு தாறேல்லை" என்றாள்.

உண்மை. நூலுக்குக் கணக்கு உண்டு, தையற்கூலிக்குக் கணக்கு உண்டு, நினைத்ததற்குக் கணக்கில்லை. இத்தொழிலைத் தொடங்கும் இளையோர் பலர் தடுக்கி விழும் இடமும் இதுவே. துணி, நூல், பொத்தான், வெட்டும் நேரம், தைக்கும் நேரம், பிழைத்துப்போன முதல் மாதிரி ஆகிய அனைத்தையும் கூட்டி விலை சொல்லத் தெரியாதவர் எவ்வளவு அழகாகத் தைத்தாலும் ஆண்டு முடிவில் கடனாளியே. முதல் நன்மைச் சட்டைக்கு அவள் வாங்கும் கூலியைத் தாயார் சொன்னபோது ஆசிரியை தலையில் கைவைத்துக்கொண்டார்.

பேச்சு நிறங்களின் பக்கம் திரும்பியது. வெள்ளை தவிர வேறு துணி வேண்டுமாயின் என்ன செய்வாள்? "நிறம் எண்டால் கொழும்பிலையிருந்துதான் வரவேணும்" என்று தாயார் முந்திக்கொண்டு பதில் சொன்னார்.

அந்த வார்த்தை எம்மைச் சற்று நிறுத்தியது. ஒரு காலத்தில் நிறம் இந்தக் கரையிலிருந்துதான் வெளியே போயிற்று. மன்னார், வன்னி, யாழ்ப்பாணக் கரையோரத்து மணலில் முளைக்கும் சாயவேர் என்னும் சிறு பூண்டின் வேரே அதற்குக் காரணம். இம்பூறல் என்றும் அதைச் சொல்வர். அவ்வேரின் பட்டையிலிருந்து ஆழ்ந்த சிவப்பு நிறம் கிடைக்கும். துணியைப் படிகார நீரிற் பதப்படுத்தி, பின்பு வேரோடு சேர்த்துக் காய்ச்சினால் சிவப்பு இழையைப் பற்றிக்கொள்ளும். வெயிலுக்கும் வெளுப்புக்கும் எளிதில் அசையாது. சோழமண்டலக் கரையின் சித்திரத் துணிகளில் ஐரோப்பியரை மயக்கிய சிவப்பு இவ்வேர் தந்ததே. அத்துணிகள் மீது அங்குள்ளோருக்கிருந்த மோகத்தைக் கண்டு அஞ்சி, தம் நாட்டு நெசவைக் காக்கவென 1686இல் பிரான்சு அவற்றைத் தடைசெய்தது.

1658இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றிய ஒல்லாந்தர் சாயவேரைத் தம் தனியுரிமையாக்கிக்கொண்டனர். 1697இல் யாழ்ப்பாணத்து ஒல்லாந்த அதிகாரி சுவார்டகுரோன் எழுதிவைத்த நெடுங்குறிப்பிலும் சாயவேர் இடம்பெறுகிறது. வேர் தோண்டுவதற்கென்றே ஒதுக்கப்பட்ட குடிகள் இருந்தனர். மழைக்குப்பின் இளகிய மணலைக் குத்தி, மெல்லிய நீண்ட வேரை அறாமல் எடுத்து, குறித்த அளவு ஒப்படைப்பது அவர்கள் கடமை. ஐரோப்பாவில் அச்சிவப்பை உடுத்திய சீமாட்டிக்கு வேர் தோண்டியவளின் பெயர் தெரியாது; ஊரும் தெரியாது. 1868இல் செருமனியில் கிரேபே, லீபர்மான் என்னும் இருவர் இதே சிவப்பின் சாரமான அலிசரினை ஆய்வுகூடத்திற் செயற்கையாகச் செய்துகாட்டினர். சில ஆண்டுகளில் அது மலிவாகச் சந்தைக்கு வந்தது. உலகின் வேர்ச்சாயங்கள் எல்லாம் அதனால் விலையிழந்தன.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அப்பெண், "அந்தப் பூண்டு இப்பவும் இருக்குமோ?" என்று கேட்டாள். மணற்பாங்கான கரைகளில் அது இயற்கையாக முளைப்பது என்றோம். அவள் தன் குறிப்புக் கொப்பியில் பெயரை எழுதிக்கொண்டாள்.

வெள்ளாங்குளத்துப் பிள்ளைகளுக்கு ஆடைத்தொழிலில் இன்று எளிதாகத் திறக்கும் கதவு வேறு. போருக்குப் பின் கிளிநொச்சியில் 'வானவில்', 'விடியல்' என்னும் பெயர்களில் பெரிய ஆடைத் தொழிற்சாலைகள் எழுந்தன. மாதச் சம்பளம், ஊழியர் சேமலாப நிதி ஆகியவை ஒரு குடும்பத்தைத் தூக்கி நிறுத்தக்கூடியவை. அவற்றை இழிவாகப் பேசுவோரோடு நாம் சேரமாட்டோம். ஆனால் அங்கே ஒருத்தி கழுத்துப்பட்டியை மட்டும் தைப்பாள், மற்றொருத்தி பக்கத் தையலை மட்டும் ஓட்டுவாள். முழுச் சட்டையை நினைத்தவர் வேறெங்கோ இருக்கிறார். இலங்கை ஆண்டுதோறும் ஏற்றுமதி செய்யும் பல ஆயிரம் மில்லியன் டொலர் ஆடைகளிற் பெரும்பகுதி இவ்வாறு பிறர் நினைத்ததை நாம் தைத்துக் கொடுப்பதே. வேர் தோண்டியவளின் நிலைமை பெரிதாக மாறிவிட்டதென்று சொல்ல எமக்கு நா எழவில்லை.

நினைப்பதைத் தொழிலாகக் கொண்டவர்களும் இந்நாட்டில் இல்லாமலில்லை. 1928இல் பிறந்து 2022இல் மறைந்த பார்பரா சன்சோனி அம்மையார் நிறங்களை விரும்பிய ஓவியர். நல்லாயன் கன்னியர் மடத்துத் தலைவி ஒருவர், தம் பராமரிப்பில் உள்ள பெண்களின் நெசவுக்கு வடிவங்கள் செய்து உதவுமாறு அவரை அழைத்தார். அதிலிருந்து வளர்ந்ததே 1964இல் தோன்றிய 'பெயார்பூட்' நிறுவனம். வெறுங்கால் என்பது அதன் பொருள். இந்நாட்டு வயலும் கடலும் வானமும் காட்டும் நிறங்களை அம்மையார் தறியில் ஏற்றினார். பிரான்சின் கபிரியேல் ஷனெலும் தாயை இழந்தபின் கன்னியர் மடத்து அநாதைச் சாலையிலேதான் ஊசி பிடிக்கக் கற்றார். 1910இல் பாரிசில் அவர் திறந்தது ஒரு தொப்பிக் கடை. கன்னியர் மடங்களும் தையல் வகுப்புகளும் மன்னார்க் கரைக்குப் புதியவை அல்லவே என்று ஆசிரியை குறுக்கிட்டார்.

இனி நடைமுறைக்கு வருவோம். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் ஆடை வடிவமைப்புக்கென நான்கு வருடப் பட்டப்படிப்பு இருக்கிறது. இலவசக் கல்வி. உயர்தரப் பரீட்சையிற் சித்தியடைந்தாற் போதாது. பல்கலைக்கழகம் தனியே நடத்தும் உளச்சார்புப் பரீட்சையிலும் தேறவேண்டும். அதற்கான விண்ணப்பத்தைத் தனியாக அனுப்பவேண்டும் என்பது தெரியாமலே தூர இடத்துப் பிள்ளைகள் வாய்ப்பை இழக்க நேர்கிறது. படிப்பு ஆங்கிலத்தில் நடைபெறும்.

தாயாரின் முகம் அதைக் கேட்டதும் வாடியது. "இங்கிலீசும் வேணும், கொழும்பிலை தங்கவும் வேணும். மெஷினை ஆர் மிதிக்கிறது, ரீச்சர்? இவளின்ரை தையலிலைதான் தம்பியின்ரை படிப்புச் செலவு போகுது."

அதற்கு எம்மிடம் ஆயத்தமான பதில் எதுவும் இருக்கவில்லை. ஆசிரியை மாத்திரம் விட்டுக்கொடுக்கவில்லை. வாரத்தில் இரண்டு நாள் பின்னேரம் தம் வீட்டுக்கு வந்து ஆங்கிலம் படிக்கவேண்டும் என்றார். முதல் நன்மைச் சட்டைகள் ஒவ்வொன்றையும் கொடுப்பதற்கு முன் படமெடுத்து, எதை ஏன் மாற்றினாள் என்று பக்கத்தில் எழுதிவைக்கவேண்டும் என்றார். கூலியைப் பற்றி இனித் தாயார் வாய் திறக்கக்கூடாது என்றும் கட்டளையிட்டார். தாயார் சிரித்துவிட்டார்.

பூநகரி பஸ்ஸின் ஒலி வீதியிற் கேட்டது. அப்பெண் எழுந்து, ஆசிரியைக்கென முன்பே வெட்டிவைத்திருந்த சேலைச் சட்டைத் துணியை எடுத்து வந்து, தோள் அளவு மாறிவிட்டதா என்று நாடாவை வைத்து மீண்டும் ஒருமுறை பார்த்தாள்.

"கூலி எவ்வளவு, பிள்ளை?" என்றார் ஆசிரியை.

அவள் தாயாரைப் பார்த்தாள். பின்பு, சற்றுத் தயங்கி, பழைய கூலியைவிட நூறு ரூபாய் கூட்டிச் சொன்னாள்.