காணாமற் போன ஜன்னல்

வீட்டு ஜன்னல் ஒன்று காணாமற் போயிற்று என்று நான் சொன்னால் நேயர்கள் சிரிப்பார்கள். கம்ப்யூட்டரில் அப்படி நடப்பதுண்டு, எனக்கு நடந்தது.

அம்மாவுக்கு வயது 82. சிறு பிராயத்திலேயே இறந்துபோன தன் தமக்கையைப் பற்றி அவள் எங்களிடம் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. சென்ற ஞாயிற்றுக்கிழமை இரவு, என்ன தோன்றிற்றோ, மெல்லப் படியேறி என் மாடி அறைக்கு வந்து உட்கார்ந்து, தானாகவே சொல்ல ஆரம்பித்தாள். நான் எடிட்டரைத் திறந்து, அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். அந்த அறையில் மடிக்கணினிக்கு இடப்புறம் ஒரு பெரிய மானிட்டர் உண்டு. எழுத்து அவள் கண்ணுக்கும் தெரியட்டும் என்று அதிலேயே எழுதினேன். கோப்புக்குப் பெயரிட்டுச் சேமிக்கவில்லை. சேமிக்காமல் மூடினாலும் மறுநாள் விட்ட இடத்திலிருந்து காட்டும் சுபாவம் உடையது அந்த எடிட்டர். அதை நம்பியது என் சோம்பேறித்தனம்.

மறுநாள் காலை மடிக்கணினியை மட்டும் எடுத்துக்கொண்டு கீழே வந்தேன். அம்மா மூக்குக்கண்ணாடி சகிதம் காத்திருந்தாள். எடிட்டரைத் திறந்தேன். திரையில் ஒன்றும் வரவில்லை. ஆனால் அடியிலுள்ள டாஸ்க்பாரில் அதன் சின்னம் மட்டும் இருந்தது. அதன்மேல் சுட்டியை வைத்தால் தபால் தலைக்குச் சற்றுப் பெரிதாக ஒரு சித்திரம்; அதற்குள் எறும்புச் சாரி போல அம்மாவின் வார்த்தைகள்! சொடுக்கினாலோ, மாயம்.

மருமானைப் போனில் கூப்பிட்டேன்.

"அழித்துவிட்டு மறுபடியும் போட்டுவிடுங்கள், மாமா" என்றான். சர்வ வியாதிக்கும் அவனிடம் அந்த ஒரே மருந்துதான். பெயரில்லாத என் பக்கமும் அதோடு போய்விட்டால்? இன்னொரு தரம் சொல்லும்படி அம்மாவைக் கேட்க எனக்குத் தைரியமில்லை.

"தொலைந்து போயிற்றாடா?" என்று மட்டும் அவள் கேட்டாள்.

எடிட்டரின் அமைப்புக் கோப்பை நோட்பேடில் திறந்து பார்த்தேன். ஜன்னலின் இடம் -1912 என்று எழுதியிருந்தது. குட்டு வெளியாயிற்று! விண்டோஸில் முதன்மைத் திரையின் இடது மேல் மூலைதான் பூஜ்யம். அதற்கு இடப்புறத்தில் வேறு திரை இருந்தால், அங்குள்ள இடங்களுக்கெல்லாம் பூஜ்யத்துக்குக் கீழான எண். என் மாடி மானிட்டரின் அகலம் 1920 புள்ளி. எடிட்டர் மூடும்போது தான் நின்ற இடத்தைக் குறித்துக் கொள்கிறது. திறக்கும்போது நேரே அங்கே போய் நிற்கிறது. மானிட்டர் மாடியிலேயே தங்கிவிட்ட சமாசாரம் அதற்குத் தெரியாது. குறித்த இடத்தில் இப்போது திரை உண்டா என்று விண்டோஸையே கேட்டுக் கொள்ள வழி இருக்கிறது. கேட்கத்தான் இல்லை. காலி செய்த வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டு காப்பியை எதிர்பார்க்கும் கிழவரைப் போல, அது தன் பாட்டில் இல்லாத திரையில் காத்திருந்தது.

டாஸ்க்பார் சின்னத்தைச் சொடுக்கிவிட்டு, ஆல்ட் விசையையும் ஸ்பேஸ் விசையையும் சேர்த்து அழுத்தினேன், பிறகு எம். அது ஜன்னலை நகர்த்தும் கட்டளை. வலது அம்பு விசையை ஒரு தரம் தட்டிச் சுட்டியை அசைத்தேன். ஜன்னல் சுட்டியோடு ஒட்டிக்கொண்டு திரைக்குள் வந்து சேர்ந்தது.

முதற் காரியமாகப் பெயரிட்டுச் சேமித்தேன், இரண்டு இடங்களில். பிறகுதான் வாசித்தேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். ஓரிடத்தில் கையை உயர்த்தி நிறுத்தினாள். தமக்கையின் பாவாடை பச்சை என்று எழுதியிருந்தேன். பச்சை அல்லவாம், கிளிப்பச்சையாம். திருத்தினேன்.