ஒரு கை ஓசை

சீட்டாட்டம், வெற்றிலை, பொடி என்று யாதொரு வழக்கமும் இல்லாத என்மீது என் மனைவி சொல்லும் குறை ஒன்றே ஒன்றுதான். சமுத்திரத்துக்கு அப்பால் யாரோ ஆட்டத்தில் தோற்றுப்போனதற்காக, வருஷத்தில் இரண்டு நாள் நான் சரியாகச் சாப்பிடாமல் எழுந்துவிடுகிறேன் என்பதே அது.

குற்றச்சாட்டை ஒப்புக்கொள்கிறேன். தோற்பவர்கள் ஆஸ்திரேலியர், ஜயிப்பவர்கள் நியூஸிலாந்துக்காரர்கள். ஆட்டம் ரக்பி. பக்கத்துக்குப் பதினைந்து பேர், முட்டை வடிவமான பந்தைக் கையில் ஏந்தி ஓடி, எதிரியின் கோட்டைத் தாண்டித் தரையில் வைக்கப் போராடும் முரட்டு ஆட்டம். இவ்விரு தேசங்களும் மோதிக்கொள்வது, 1930-களில் நியூஸிலாந்தின் கவர்னர் ஜெனரலாயிருந்த பிளெடிஸ்லோ பிரபு அளித்த கோப்பைக்காக.

இந்த மோகம் என்னைப் பற்றியது 2000-ஆம் வருஷத்தில், நான் கலாசாலை மாணவனாக இருந்தபோது. அவ்வருஷம் ஜூலையில் ஸிட்னி நகரத்து மைதானத்தில் 1,09,874 ஜனங்கள் கூடியிருந்தார்கள். ஆட்டம் தொடங்கிய சிறிது நேரத்திற்குள்ளேயே நியூஸிலாந்துக்கு 24 புள்ளி, ஆஸ்திரேலியாவுக்குப் பூஜ்யம். "சரி, தீர்ந்தது" என்று நினைத்தேன். இடைவேளையில் பார்த்தால் கணக்கு 24-24! முடிவில் நியூஸிலாந்து 39-35 என்று ஜயித்தது. அடுத்த மாதம் வெல்லிங்டனில், ஆட்டத்தின் இறுதியில் ஆஸ்திரேலியத் தலைவர் ஜான் ஈல்ஸ் உதைத்த பந்து கம்பங்களின் நடுவே புகுந்து, 24-23 என்று பழி தீர்த்தது. அதுவல்லவா போட்டி! எவர் ஜயிப்பார் என்பது கடைசி மூச்சுவரையில் ஒருவருக்கும் தெரியாது.

2003-இல் கோப்பை நியூஸிலாந்துக்குப் போயிற்று. 2025 முடிய அது திரும்பவே இல்லை. ஆக்லாந்திலுள்ள ஈடன் பார்க் மைதானத்திலோ, ஆஸ்திரேலியா கடைசியாக ஜயித்தது 1986-இல். அப்பொழுது நான் அனா, ஆவன்னா எழுதிப் பழகிக்கொண்டிருந்தேன்.

எப்பொழுதும் தோற்றாலாவது மனம் பழகிப்போகும். நடுநடுவே ஆசை காட்டுவதுதான் கொடுமை. 2019 ஆகஸ்டில் பெர்த் நகரில் ஆஸ்திரேலியா 47-26 என்று நியூஸிலாந்தைப் புரட்டி எடுத்தது. அந்தச் சந்தோஷத்தில் சக ஆசிரியர்களுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தேன். காரணம் புரியாவிட்டாலும் அவர்கள் காப்பியை மறுக்கவில்லை. ஒரே வாரம்! ஈடன் பார்க்கில் நியூஸிலாந்து 36, ஆஸ்திரேலியா பூஜ்யம். விதியும் வலியவர் பக்கந்தான். ஆளுக்கோர் ஆட்டம் ஜயித்துத் தொடர் சமமாக முடிந்தால், கோப்பை ஏற்கெனவே வைத்திருப்பவரிடமே தங்கிவிடும்.

2025 செப்டம்பர் 27-ந் தேதி முற்பகலிலும் தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்தேன். 33-24. "நியூஸிலாந்துதானே?" என்று சமையலறையிலிருந்தே கேட்டாள் என் மனைவி. பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகளோ, "அப்பா, நான் பிறந்தது முதல் இதே கதைதானே? இதற்குப் போட்டி என்று ஏன் பெயர்?" என்றாள்.

உபாத்தியாயரிடம் உபதேசத்துக்கா பஞ்சம்? அயர்லாந்தின் கதையை எடுத்துவிட்டேன். அவர்கள் நியூஸிலாந்தை முதலில் எதிர்த்தது 1905-இல். 1973-இல் ஒரு முறை 10-10 என்று சமம், மற்றதெல்லாம் தோல்வி. 2013-இல் டப்ளின் நகரில் இடைவேளையின்போது 22-7 என்று முந்தி நின்றவர்கள், கடைசிக் கணத்தில் 24-22 என்று கோட்டை விட்டார்கள். 2016 நவம்பர் 5-ந் தேதி சிகாகோவில், 111 வருஷங்களுக்குப் பிறகு, 40-29 என்று ஜயித்தார்கள். 2022-இல் நியூஸிலாந்துக்கே சென்று தொடரையும் வென்றார்கள். "பார்த்தாயா? பொறுத்தார் பூமி ஆள்வார்!" என்று முடித்தேன்.

"சும்மா பொறுத்துக்கொண்டிருந்தார்களா, ஏதாவது செய்தார்களா?" என்றாள் அவள்.

எனக்குச் சுருக்கென்றது. செய்தார்கள். நான்கு மாகாண அணிகளையும் தேசத்து ரக்பிச் சங்கம் தன் பொறுப்பில் நடத்தியது. சிறந்த வீரர்களோடு தானே ஒப்பந்தம் செய்துகொண்டு, எவர் எத்தனை ஆட்டம் ஆடுவது என்பதையும் பார்த்துக்கொண்டது. ஆஸ்திரேலியாவிலோ, பலசாலிப் பையன்களில் பெரும்பாலோரை ரக்பி லீகும் ஆஸ்திரேலியக் கால்பந்தும் இழுத்துக்கொள்கின்றன. நியூஸிலாந்தில் ரக்பிக்குத்தான் முதல் மரியாதை. இந்த வித்தியாசம் வெறும் பொறுமையால் தீருமா?

அன்றிரவு ஆஸ்திரேலியாவின் மேலிருந்த கோபம் மெதுவாக என் பக்கம் திரும்பிற்று. என் வகுப்பில் ஒரு பையன், மூன்று பரீட்சையாக இங்கிலீஷில் தோற்றுவருகிறான். ஒவ்வொரு முறையும் முதுகில் தட்டி, "அடுத்த தடவை பார்க்கலாம்" என்று சொல்லியனுப்புகிறேன். அந்த அடுத்த தடவைக்காக நான் மாற்றிக்கொண்டது என்ன? அதே பாடம், அதே குறிப்பு, அதே முதுகுத் தட்டல். அவனுக்கும் பரீட்சைக்கும் நடப்பது போட்டியே அன்று. ஒரு கை ஓசை. மற்றொரு கை என்னுடையதாக இருந்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை மாலை அவனுடைய நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லி, பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். வீடு திரும்ப நேரமாகிவிட்டது.

"இன்று எந்தத் தேசத்தில் ஆட்டம்?" என்று கேட்டாள் என் மனைவி.

"நம் தேசத்தில்தான்" என்றேன். அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.