சூடு தெரிந்தவன்தான் எடிட்டர்

“நல்ல சிஸ்டம் ஒண்ணு வாங்கிப் போட்டுட்டா எடிட்டருக்கு என்னங்க வேலை? பட்டனைத் தட்டினா அதுவே செஞ்சிடுது” என்று ஒரு ஸ்டுடியோக்காரர் அண்மையில் நாலு பேர் முன்னால் சொன்னார். போன முகூர்த்த சீசனில் அவர் கடை லேப்டாப் எக்ஸ்போர்ட்டுக்கு நடுவிலேயே அடிக்கடி அணைந்துபோனது. பெண் வீட்டார் ஆல்பத்துக்காக நடையாய் நடந்தார்கள். அப்படியும் இந்தப் பேச்சு. சபையில் மறுத்துப் பேச வேண்டாமென்று இருந்துவிட்டேன். பதிலை இங்கே சொல்கிறேன்.

திருப்பூரில் கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறவன் நான். 12-க்கு 36 அங்குல ஷீட்டை 300 டிபிஐயில் போட்டால் 3,600-க்கு 10,800 பிக்சல், அதாவது 3 கோடியே 89 லட்சம். 8 பிட்டில் ஒரு லேயர் மட்டும் ஏறக்குறைய 117 எம்பி; 16 பிட் என்றால் இரண்டு பங்கு. மணப்பெண் முகத்துக்கு ஒரு லேயர், ஜரிகைக்கு ஒன்று, பின்னணிக்கு ஒன்று என்று ஏறிக்கொண்டே போகும். இதையெல்லாம் அக்னி நட்சத்திரத்தில், மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில் உட்கார்ந்து செய்கிறோம். அறையில் ஒரு டிகிரி ஏறினால் சிப்பிலும் ஏறக்குறைய ஒரு டிகிரி ஏறும்.

சூடானால் சிஸ்டம் ஆஃப் ஆகிவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆஃப் ஆவது கடைசிக் கட்டம். பெரிய தொல்லை அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. இன்டெல் சிப்புகள் பலவற்றுக்கு எல்லை 100 டிகிரி. ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு 95. அதைத் தொட்டதும் சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். திரையில் ஒரு எச்சரிக்கையும் வராது. எக்ஸ்போர்ட் போட்டால் முதலில் படங்கள் மளமளவென்று இறங்கும், பிறகு ஊரும். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபாமன்ஸ் பக்கத்தைத் திறந்து வைத்துப் பாருங்கள். 4 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் நின்ற வேகம் சற்று நேரத்தில் 2-க்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டால் சூட்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அப்போது ரேம் கூட்டியும் பயனில்லை, எஸ்எஸ்டி மாற்றியும் பயனில்லை. நம் ஆட்கள் அந்த இரண்டையும்தான் முதலில் வாங்குகிறார்கள்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் ஒரு சர்வீஸ் அண்ணன். டிவி மெக்கானிக்காக இருந்து கம்ப்யூட்டருக்கு வந்தவர். ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன் எக்ஸ்போர்ட்டை ஓடவிடச் சொல்லி, ஃபேன் காற்று வெளிவரும் இடத்தில் புறங்கையை வைப்பார். காற்று நல்ல சூடாக வீசினால் ஹீட் சிங்க் தன் வேலையைச் செய்கிறது. அறையையும் வேலைச் சுமையையும் பார்க்க வேண்டும். சிப் கொதிக்கிறது, ஃபேன் கத்துகிறது, காற்று மட்டும் வெதுவெதுப்பாக வருகிறது என்றால் தெர்மல் பேஸ்ட் காய்ந்து, சூடு ஹீட் சிங்க்குக்கே வந்து சேரவில்லை. காற்றே சரியாக வரவில்லை என்றால் அடைப்பு. “ஃபேன் கத்துதுன்னு ஃபேனை மாத்தாதீங்க கண்ணு. சூடு எந்த வழியா வெளிய போகுதுன்னு மொதல்ல பாருங்க” என்பார். சாஃப்ட்வேரில் எண்ணைப் பார்த்துத் தெரிந்துகொள்வதற்கு முன்பே அவர் கை சொல்லிவிடும். பெரும்பாலும் அது தப்பியதில்லை.

எங்கள் ஊரில் அடைப்பு என்றால் பஞ்சுதான். பனியன் கம்பெனி உள்ள தெருக்களில் காற்றிலேயே பஞ்சு மிதக்கும். லேப்டாப்பில் அது ஃபேனுக்கும் ஹீட் சிங்க் தகடுகளுக்கும் நடுவே கம்பளித் துண்டுபோல் ஒரே பாளமாகப் படிந்துவிடும். வெளியிலிருந்து ப்ளோயர் அடித்தால் அது வெளியே வராது. உள்ளே நகர்ந்து வேறிடத்தில் அடைக்கும். அண்ணன் ஃபேனையே கழற்றி, அந்தப் பாளத்தை இடுக்கியால் முழுசாக உரித்தெடுப்பார். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்வார். தாறுமாறாகச் சுழன்றால் பேரிங் போய்விடும். பஞ்சர் கடை கம்ப்ரசரில் சிபியுவைக் கொண்டுபோய்க் காற்றடிப்பவர்களைக் கண்டால் அவருக்குக் கோபம் வரும். அந்தக் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்து வருமே! சைடு மூடியைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனைத் திருப்பி வைப்பதையும் ஒப்புக்கொள்ள மாட்டார். முன்னால் நுழைந்து பின்னால் போகிற காற்றின் போக்கு கெடும், பஞ்சும் தாராளமாக நுழையும். கதவு வைத்த கம்ப்யூட்டர் டேபிளின் உள்ளே சிபியு இருந்தால், வெளியே எடுத்து வைக்காமல் அடுத்த வேலையைத் தொடமாட்டார்.

மீதிப் பாடம் எடிட்டருடையது. பவர் ஆப்ஷனில் பிராசஸர் உச்ச அளவை 100-லிருந்து 99 சதவீதமாக்கினால் பெரும்பாலான சிஸ்டங்களில் டர்போ என்கிற கூடுதல் வேகம் நின்றுவிடும். கடைசிக் கொஞ்ச வேகத்துக்குத்தான் வோல்டேஜும் சூடும் எக்கச்சக்கமாக ஏறுகின்றன. அதை விட்டுக்கொடுத்தால் சிஸ்டம் ராத்திரி முழுக்க ஒரே சீராக ஓடும். பகலில் படம் பொறுக்குவது, லேஅவுட், பிரஷ் வேலை. ப்ரிவியூ கட்டுவதும் எக்ஸ்போர்ட்டும் இரவு பத்துக்கு மேல், அதுவும் பகுதி பகுதியாக. வேலையைச் சூடு பார்த்து அடுக்கத் தெரிந்தவனுக்குப் பழைய சிஸ்டமும் தேதிக்கு ஆல்பம் கொடுக்கும்.

இன்று வருகிற தம்பிகளிடம் இந்த ஒழுங்கு இல்லை. படத்தில் உள்ள புள்ளி இரைச்சலை நீக்கும் ஏஐ டீநாய்ஸ் லைட்ரூமில் 2023-ல் வந்தது. இருட்டு மண்டபத்தில் ஐஎஸ்ஓ 6400-ல் எடுத்த படத்துக்கு அது அருமையான கருவி, மறுக்கவில்லை. ஆனால் காலை வெயிலில் ஐஎஸ்ஓ 200-ல் எடுத்த முகூர்த்தப் படம் உட்பட மொத்தத்தையும் செலக்ட் ஆல் போட்டு ஓட்டுகிறார்கள். கிராஃபிக்ஸ் கார்டு மணிக்கணக்கில் கொதிக்கிறது. லேப்டாப்போ மெத்தைமேல் கிடக்கிறது, அடியில் காற்று போகும் துளைகள் மொத்தமும் மூடியபடி. கடைசியில் பாட்டியின் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை, மணப்பெண் கன்னத்தில் தோல் இல்லை. எந்தப் படத்துக்கு என்ன வேண்டும் என்று பார்க்கிற கண் இருந்தால் அந்த வேலையில் முக்கால்வாசி தேவையே இல்லை. சூட்டில் பெரும்பங்கு சிஸ்டத்தால் வருவதில்லை, பார்க்காமல் செய்கிற வேலையால் வருகிறது.

ஸ்டுடியோ முதலாளிகளுக்கு ஒரு வேண்டுகோள். புது சிஸ்டத்துக்கு லட்சத்தை எடுத்து வைப்பதற்கு முன், இருக்கிற சிஸ்டத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து சுத்தம் செய்யுங்கள்; வேகம் குறைந்தால் பேஸ்ட்டை மாற்றுங்கள்; எடிட்டர் உட்காரும் அறையில் காற்றோட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். டெலிவரி தேதியை வாடிக்கையாளரிடம் சொல்வதற்கு முன் அந்த எடிட்டரை ஒரு வார்த்தை கேளுங்கள். எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது அவருக்குத்தான் தெரியும்.