எடைக்கல் நட்சத்திரங்கள்

"நட்சத்திர வெளிச்சத்தை அளந்தே பென்ஷன் வாங்கினவர் ஒருத்தர் எங்க தெருவுல இருக்கார், வாங்க" என்று அடி அண்ணாமலையில் குடியிருக்கும் ஆசிரிய நண்பர் பலமுறை கூப்பிட்டிருந்தார். ஆதி அண்ணாமலையார் கோயிலைத் தாண்டி, மகள் வீட்டுத் திண்ணையில் புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார் பெரியவர். சொந்த ஊர் ஜவ்வாது மலையில் ஒரு குக்கிராமம். காவலூர் வானாய்வகத்தில் இரவு வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். பெயர் போட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

காவலூர் இங்கிருந்து நேர்கோட்டில் ஐம்பது கிலோமீட்டருக்கும் குறைவு. இருட்டான வானம் தேடிய வானியலாளர் வைணு பாப்பு 1960-களில் தேர்ந்தெடுத்த இடம் அது. 1968-ல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு வேலை தொடங்கியது. 1972-ல் ஜெர்மனியிலிருந்து ஜெய்ஸ் கம்பெனியின் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. அதற்கு இரண்டு மூன்று வருஷம் கழித்து, ஐஸ் தூக்கும் ஆளாகச் சேர்ந்தார் இவர்.

"அப்போ இந்த கேமராவெல்லாம் ஏது தம்பி, குழாய்தான்" என்றார். ஒளிபெருக்கிக் குழாயைச் சொல்கிறார். அதில் ஓர் ஒளித்துகள் பட்டால் ஓர் எலெக்ட்ரான் தெறிக்கும். அது அடுத்தடுத்த தகடுகளில் மோதிப் பல லட்சமாகப் பெருகி, எண்ணக்கூடிய துடிப்பாக வெளியே வரும். சிக்கல் என்னவென்றால், வாயை மூடிவைத்தாலும் குழாய் சும்மா இருக்காது. வெப்பத்தாலேயே எலெக்ட்ரான் தெறித்து, இல்லாத வெளிச்சத்தைக் கணக்கில் ஏற்றிவிடும். அதை அடக்கத்தான் மைனஸ் 78 டிகிரி உலர்பனிக்கட்டி. "கையுறை போட்டா திருகாணி பிடிபடாது, போடலைன்னா தோலு ஒட்டிக்கும்" என்று விரல்களை விரித்துக் காட்டினார். குழாயில் ஆயிரம் வோல்ட் ஏறியிருக்கும்போது யாராவது டார்ச் அடித்தால் அது பாழ். பீடி பற்றவைக்கக்கூட வெளியே போய், கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும்.

அளக்கும் முறையை அவர் சொன்னபடியே தருகிறேன். "முதல்ல நட்சத்திரம். அப்புறம் பக்கத்துல வெறும் வானம். திரும்பவும் நட்சத்திரம். வானத்தைக் கழிச்சிடணும். அதோட முடிஞ்சுதா? இல்ல. குழாய் நேத்து இருந்த மாதிரி இன்னிக்கு இருக்காது. கண்ணாடியில தூசி, காத்துல ஈரம். மளிகைக் கடை எடைக்கல்லுக்கு முத்திரை போடறாங்க இல்ல? வானத்துலயும் முத்திரை போட்ட நட்சத்திரம் கொஞ்சம் இருக்கு. ராத்திரி பூரா அப்பப்போ அதுங்ககிட்ட போயிட்டு வரணும்."

அந்த முத்திரை நட்சத்திரங்களின் பட்டியலைப் பல வருஷம் உழைத்துத் தயாரித்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்கரான ஆர்லோ லண்டோல்ட். வடகோளத்தாருக்கும் தென்கோளத்தாருக்கும் பயன்படும்படி வான நடுக்கோட்டை ஒட்டிய நட்சத்திரங்களாகப் பார்த்து எடுத்தார். அதே நட்சத்திரத்தை உச்சியில் ஒருமுறை, சாய்ந்தபின் ஒருமுறை அளந்தால் அன்றைக்குக் காற்று எவ்வளவு வெளிச்சத்தை விழுங்கியது என்று தெரிந்துவிடும். அதற்கான கணக்கையும் பெரியவர் விரல்விட்டுச் சொன்னார். எனக்குப் பிடிபடவில்லை.

இந்தக் கணக்கின் அளவுகோலுக்கே சென்னைத் தொடர்பு உண்டு. நட்சத்திரங்களின் ஒளித்தரத்தில் ஐந்து படி வித்தியாசம் என்றால் வெளிச்சத்தில் நூறு மடங்கு, ஒரு படிக்கு 2.512 மடங்கு என்று 1856-ல் வரையறுத்த நார்மன் போக்சன், 1861-ல் நுங்கம்பாக்கம் வானாய்வகத்துக்கு வந்து 1891-ல் சாகும்வரை இங்கேயே இருந்தார். அவருடைய உதவியாளர் ரகுநாதாச்சாரி 1867-ல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். அந்தக் காலத்தில் கண்தான் கருவி. பக்கத்து நட்சத்திரம்தான் எடைக்கல்.

1977 மார்ச் 10 இரவைப் பற்றிப் பேசும்போது பெரியவர் குரல் ஏறியது. யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப்போகிறது என்று காவலூரில் காத்திருந்தார்கள். கோள் நெருங்குவதற்கு முன்பே நட்சத்திரத்தின் ஒளி சில விநாடிகள் சரிந்து மீண்டது. புதிய துணைக்கோள் என்று பட்டாச்சாரியாவும் குப்புசாமியும் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். பறக்கும் விமானத்திலிருந்து அளந்த அமெரிக்கர்களோடு ஒப்பிட்டபோதுதான் அது யுரேனஸின் வளையம் என்று தெளிந்தது. "அன்னிக்கு எனக்கு டூட்டி இல்ல தம்பி. ஊர்ல சாமை அடிச்சிக்கினு இருந்தேன்."

சனிக்கிழமையன்று போளூர், ஜமுனாமரத்தூர் வழியாக அவரோடு மலையேறினேன். 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-ல் வந்தது. அதன் கண்ணாடியைத் தேய்த்து மெருகேற்றியவர்கள் பெங்களூரில் நம்மவர்களே. இப்போது குழாய்க்குப் பதில் சிசிடி கேமரா, உலர்பனிக்குப் பதில் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன். ஆனாலும் சடங்கு மாறவில்லை. அந்தி வானத்தைப் படமெடுத்து ஒவ்வொரு புள்ளியின் உணர்திறனையும் சரிபார்க்கிறார்கள். இரும்பும் ஆர்கானும் கொண்ட சிறு விளக்கை எரியவிட்டு, எந்தக் கோடு எந்த அலைநீளம் என்று குறிக்கிறார்கள். கருவியைச் சோதித்த பிறகுதான் நட்சத்திரத்தைக் கேட்கிறார்கள்.

இருட்டியதும் பெரியவர் அடிவானத்தைச் சுற்றிக் காட்டினார். ஆலங்காயம், வாணியம்பாடி, திருப்பத்தூர் என்று ஊருக்கு ஊர் வெள்ளைப் புகைபோல வெளிச்சம். "கழிக்க வேண்டிய வானம் வருஷா வருஷம் கனத்துக்கினே போவுது."

ஒளித்துகளை ஒவ்வொன்றாக எண்ணும் இந்த மலைக்குக் கீழே, வெளிச்சத்தை யாரும் அளப்பதே இல்லை. தெருவிளக்கு டெண்டரில் வாட் எண் இருக்கிறது, விலை இருக்கிறது. தரையில் எத்தனை லக்ஸ் வெளிச்சம் விழுகிறது என்று மாட்டியபின் மீட்டர் வைத்துப் பார்ப்பவரை நான் கண்டதில்லை. ஒப்பந்தக்காரருக்கு விளக்கு எரிந்தால் பில். மூடியில்லாத விளக்கிலிருந்து மேலே போகும் வெளிச்சத்துக்கும் ஊராட்சிதான், அதாவது நாம்தான், கரண்ட் பில் கட்டுகிறோம். அதிலும் நீலம் கலந்த வெள்ளை விளக்கு, காற்றில் மஞ்சளைவிட அதிகம் சிதறி வானத்தையே பூசிவிடுகிறது.

லடாக்கின் ஹான்லேயில், காவலூரை நடத்தும் அதே இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் இன்னொரு வானாய்வகத்தைச் சுற்றி, 2022 டிசம்பரில் இருள்வானக் காப்பகம் அறிவித்தார்கள். அங்கே விளக்குகளுக்கு மூடி போடுகிறார்கள். கிராமத்தாருக்கு வானம் காட்டப் பயிற்சி கொடுத்து வருமானத்துக்கும் வழி செய்திருக்கிறார்கள். ஜவ்வாது மலையைச் சுற்றிய ஊராட்சிகள் அவ்வளவு தூரம் போகக்கூட வேண்டாம். அடுத்த டெண்டரில் மூடி, மஞ்சள் நிறம், தரையில் லக்ஸ் என்று மூன்று வரி சேர்க்கட்டும். அந்த லக்ஸைச் சரிபார்க்க யார் வருவார்கள் என்று பெரியவரிடம் கேட்டேன்.

"ஏன், அளக்கத் தெரிஞ்ச ஆளுங்க மலையிலதானே கீறாங்க. கூப்பிடச் சொல்லு."