கணக்கு பூட்டிக்கிடக்கிறது, கவுன்ட்டர் எங்கே?

சிம் கார்டு கடையில் வரிசை நீளமாகத்தான் இருந்தது. ஆனாலும் நகர்ந்தது. எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அக்காவின் போன் முந்தின நாள் மாலை பஸ்ஸில் திருட்டுப் போயிருந்தது. "எனக்கு இதெல்லாம் பேசத் தெரியாது, கூட வா தம்பி" என்று கூப்பிட்டார், போனேன். சைதாப்பேட்டையில் இருந்த அந்தக் கடையின் பையன் ஆதார் அட்டையை வாங்கிப் பார்த்தான். அக்காவின் முகத்தைப் படம் பிடித்தான். போலீஸில் கொடுத்த புகாரின் நகலை வாங்கி வைத்துக்கொண்டு புது சிம்மை நீட்டினான். மதியத்துக்குள் பழைய நம்பர் உயிர் பெற்றுவிட்டது. உறவுக்காரப் பையனின் பழைய போன் ஒன்று கைவசம் இருந்தது. அதில் சிம்மைப் போட்டதும் அக்கா கேட்ட முதல் கேள்வி, "ஜாக்கெட் படமெல்லாம் வந்துடுமா?"

ஆரி வேலை செய்த கல்யாண ஜாக்கெட்டுக்கு அவரிடம் வெளியூரிலிருந்தெல்லாம் வருவார்கள். அளவு நோட்டின் பக்கங்கள், வாடிக்கையாளர் தேர்ந்தெடுத்த டிசைன், யாருக்கு எந்த முகூர்த்தம் என்ற விவரம், எல்லார் போன் நம்பரும் அந்தப் போனில் இருந்தன. போன் போனாலும் அவை மின்னஞ்சல் கணக்கில் பத்திரமாக இருக்கும். அந்தக் கணக்குக்குள் போவதுதான் பாடு.

போன் வாங்கிய அன்று கடைப் பையன்தான் அவருக்கு அந்தக் கணக்கை ஆரம்பித்துக் கொடுத்திருக்கிறான். பாஸ்வேர்டைப் பேனாவால் போன் பெட்டியின் மேல் எழுதியிருக்கிறான். அக்கா பொறுப்பானவர், பெட்டியைத் தையல் மெஷினுக்கு மேலே பரணில் வைத்திருந்தார். ஆனால் மை அழிந்து, கடைசி எழுத்து பூஜ்யமா, ஆங்கில ஓ-வா என்று தெரியவில்லை. உறவுக்காரப் பையன் ராத்திரி உட்கார்ந்து இரண்டையும் பலவிதமாகப் போட்டுப் பார்த்திருக்கிறான். கணக்கு பூட்டிக்கொண்டுவிட்டது. இந்த ஊரில் எத்தனையோ லட்சம் பேருடைய கணக்கு இப்படித்தான் பிறந்திருக்கும். ஆரம்பித்தவர் ஒருவர், வைத்திருப்பவர் ஒருவர். மீட்பு மின்னஞ்சல் என்று ஒன்று கொடுக்க வேண்டும் என்பதை அக்காவிடம் அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.

நம்பர்தான் வந்துவிட்டதே, ஓடிபி வாங்கித் திறந்துவிடலாம் என்று உட்கார்ந்தோம். ஓடிபி வரவில்லை. மறுபடி அனுப்பச் சொன்னோம், வரவில்லை. போனை அணைத்துப் போட்டோம், மொட்டைமாடிக்கு எடுத்துப் போனோம். கடைசியில் கடைக்கே திரும்பிப் போய்க் கேட்டபோதுதான் அந்தப் பையன் சொன்னான், "சிம் மாத்தினா 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராதுங்க, கவர்மென்ட் ரூல்."

ரூல் உண்மை. 2022-இன் இறுதியில் மத்திய தொலைத்தொடர்புத் துறை கொண்டுவந்தது. போலி ஆவணம் காட்டி அடுத்தவர் நம்பருக்கு டூப்ளிகேட் சிம் வாங்கி, அன்றிரவே ஓடிபி வரவழைத்து வங்கிக் கணக்கைத் துடைத்துவிடுகிற திருட்டு நாடு முழுக்க நடந்தது. அதைத் தடுக்க, சிம் மாற்றிய முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் போகவும் கூடாது, வரவும் கூடாது என்று வைத்தார்கள். சிம் மாற்றிய 7 நாளுக்குள் அந்த நம்பரை வேறு நிறுவனத்துக்கு மாற்ற முடியாது என்று 2024 ஜூலையில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதியும் வந்தது. இவை நல்ல விதிகள் என்றே நினைக்கிறேன். நம்பரைத் திருடுவது எவ்வளவு எளிது என்பதற்கு 2019 ஆகஸ்டில் உலகமே பார்த்த சாட்சி உண்டு. ட்விட்டரின் தலைவராக இருந்த ஜாக் டோர்சியின் சொந்த ட்விட்டர் கணக்கையே, அவருடைய நம்பரைக் கைப்பற்றி உள்ளே புகுந்தவர்கள் சிறிது நேரம் ஆட்டிவைத்தார்கள். ஆனால் சிம்மைக் கையில் கொடுக்கும்போதே இதை ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால், மொட்டைமாடியில் ஒரு பெண் போனை வானத்தைப் பார்த்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்க மாட்டார். வராத ஓடிபியை மறுபடி மறுபடி கேட்டதால் கணக்குக்கு அக்காவின் மேல் சந்தேகம் இன்னும் கூடியிருக்கும்.

அடுத்த நாள் மெட்ரோ ஏறி அண்ணா சாலையில் இறங்கி ரிச்சி தெருவுக்கு நடந்தோம். போன், கணினி சம்பந்தமாக எதுவானாலும் சென்னைக்காரர்கள் கடைசியில் போய் நிற்கிற இடம் அது. ஆளுயர இடத்தில் மேஜை போட்டு, விளக்கின் கீழே குனிந்து சர்க்யூட் போர்டில் பற்றவைத்துக்கொண்டிருப்பவர்கள் வரிசையாக இருந்தார்கள். அங்கே ஒரு பெரியவர் எங்களைப் பார்த்த பார்வையிலேயே கேட்டார், "மெயில் லாக்கா?" அன்று காலையிலேயே அதே குறையோடு நாலைந்து பேர் வந்து போனார்களாம். எஸ்எம்எஸ் இப்போது வந்துகொண்டிருந்தது. அவர் முயன்றார். ஓடிபியைக் கேட்டது, கொடுத்தோம். அதற்குப் பிறகும், கணக்கு உங்களுடையதுதான் என்பதை உறுதிசெய்ய முடியவில்லை என்று திரை சொன்னது.

அவர் அடுத்த முயற்சி செய்யவில்லை. அவருடைய தொழில் நேர்மைக்கு அதுவே அத்தாட்சி. "இங்கே உக்காந்து எத்தனை தடவை போட்டாலும் ஆகாதும்மா. புது போன், புது இடம், எங்க வைஃபை. அந்தப் பக்கத்திலேருந்து பாத்தா திருடன் மாதிரியேதான் தெரியும். வீட்டுக்குப் போங்க. இந்த மெயிலை முன்னாடி எப்பவாவது தொறந்த மெஷின் ஏதாவது இருக்கா பாருங்க. அதுல, உங்க வீட்டு நெட்ல போடுங்க." காசு வாங்க மறுத்துவிட்டார். பெரிய மின்னஞ்சல் நிறுவனங்களின் உதவிப் பக்கங்களிலும் இதே யோசனைதான் இருக்கிறது. பழகிய கருவி, பழகிய பிரவுசர், பழகிய இடம் என்று எழுதியிருப்பார்கள். ஆனால் பூட்டிய கதவுக்கு முன்னால் பதறி நிற்பவருக்கு அந்தப் பக்கத்தை யார் எடுத்துக் காட்டுவார்கள்?

கடையை விட்டு வெளியே வந்தோம். பேச்சைக் கேட்டுக்கொண்டு நின்ற ஓர் இளைஞன் பின்னாலேயே வந்தான். உள்ளே ஆள் இருக்கிறது, இரண்டாயிரம் ரூபாய் கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் திறந்துவிடலாம், ஓடிபி வந்தால் மட்டும் தனக்குச் சொல்ல வேண்டும் என்றான். அக்கா ஒரு கணம் நின்றார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தேன். அவர் நின்ற அந்தக் கணத்தை நான் குறைசொல்ல மாட்டேன். முகூர்த்தம் நெருங்குகிறது, துணி கொடுத்தவர்கள் ஊரில் இருக்கிறார்கள், அவர்கள் நம்பர்கூடக் கையில் இல்லை. வாடிக்கையாளர் சேவை எண் என்று இணையத்தில் தேடுபவர்களுக்கும் இதே கதிதான். மோசடிக்காரர்கள் போட்டு வைத்திருக்கும் போலி எண்கள்தான் கண்ணில் படுகின்றன. பணம் போய்விட்டால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு உடனே அழைக்கலாம். ஆனால் காத்திருப்பே மக்களை அந்த வலைக்குள் தள்ளுகிறது என்பதை இந்தப் பாதுகாப்பை வடிவமைத்தவர்கள் கணக்கில் எடுத்துக்கொண்டார்களா என்று அந்தத் தெருவில் நடந்தபோது எனக்கு ஆத்திரம் வந்தது.

பழைய மெஷின் இருந்தது. அக்காவின் மகள் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த லேப்டாப். பாட்டரி செத்து, சார்ஜர் செருகினால் மட்டும் ஓடும். அம்மாவின் மெயிலை மகள் எப்போதோ அதில் ஒருமுறை திறந்திருக்கிறாள். தையல் கடையின் மூலையில், வெட்டுத் துணிகளுக்கு நடுவில் அதை வைத்துப் போட்டோம். ரிச்சி தெருப் பெரியவர் சொன்னது பலித்தது. இந்த முறை திரை எங்களைத் துரத்தவில்லை. கோரிக்கை பதிவாகியிருக்கிறது, பாதுகாப்புக் கருதி பரிசீலனைக்குச் சில நாட்கள் ஆகலாம் என்றது. எத்தனை நாள் என்று சொல்லவில்லை. முடிவை எந்த நம்பருக்குச் சொல்ல வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டது.

இப்படிக் காக்கவைப்பதற்குக் காரணம் இருக்கிறது. சடுதியில் திறந்துவிட்ட கதவுகளால் பலர் பட்ட பாடு அது. 2008-இல் அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளர் சாரா பேலினின் யாஹூ மெயிலை ஒரு கல்லூரி மாணவன் திறந்தான். பிறந்த தேதியும் அஞ்சல் குறியீடும் கணவரை எங்கே சந்தித்தார் என்ற கேள்விக்கான பதிலுமே போதுமாக இருந்தன. எல்லாம் பொதுவெளியில் கிடைத்தவை. 2012 ஆகஸ்டில் மாட் ஹோனன் என்ற பத்திரிகையாளரின் கணக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பறிபோயின. வாடிக்கையாளர் சேவைக்கு போன் போட்டு, கிரெடிட் கார்டின் கடைசி நான்கு எண்களையும் முகவரியையும் சொல்லியே உள்ளே போனார்கள். அவருடைய கணினியைத் தூரத்திலிருந்தே அழித்துவிட்டார்கள், குழந்தையின் படங்களோடு சேர்த்து. கூகுள் ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், உனக்குப் பிடித்த உணவு என்ன என்ற கேள்விக்கு ஆங்கிலம் பேசுபவர்களின் பதிலை ஒரே ஊகத்தில் பிடிக்க 19.7 சதவீத வாய்ப்பு இருப்பது தெரிந்தது. அதே சமயம் அமெரிக்காவில் ஆங்கிலம் பேசும் பயனாளர்களில் 40 சதவீதம் பேருக்குத் தாங்கள் கொடுத்த பதிலே நினைவில் இல்லை. திருடனுக்குச் சுலபம், சொந்தக்காரருக்குக் கஷ்டம். மெல்ல மெல்லக் கேள்விகள் பின்னுக்குப் போய், நாட்கள் முன்னுக்கு வந்தன. சில நாள் தள்ளிப்போட்டால், உண்மையான உரிமையாளருக்குத் தகவல் போய்ச் சேரும், இது நானல்ல என்று அவர் தடுத்துவிடலாம் என்பதுதான் அதன் தர்க்கம்.

அந்தத் தர்க்கம் அக்காவிடம் வந்து உடைகிறது. தகவல் போவது கணக்கு திறந்திருக்கும் போனுக்கு. அந்தப் போன் இருப்பது திருடனிடம். வேறு போன், வேறு கணினி, இன்னொரு மின்னஞ்சல் உள்ளவரை மனதில் வைத்துக் கட்டிய காவல் இது. ஒரே போன்தான் சொத்து என்று இருப்பவருக்கு அந்தக் காவல் திருடன் பக்கம் போய் நின்றுகொள்கிறது.

எல்லா நிறுவனமும் ஒரே மாதிரி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் பாதுகாப்பு விவரம் எல்லாவற்றையும் மாற்றினால் 30 நாள் காத்திருக்க வேண்டும். நீளம்தான், ஆனால் 30 என்று எழுதியிருக்கிறார்கள். வாட்ஸ்அப்பின் இரண்டடுக்குப் பின் நம்பர் மறந்து, மின்னஞ்சலும் கொடுக்காதிருந்தால் 7 நாள். டெலிகிராமின் இரண்டடுக்கு பாஸ்வேர்டை மீட்டமைக்கவும் 7 நாள். ஆப்பிள், கணக்கு எந்தத் தேதியில், எத்தனை மணிக்குத் திறக்கும் என்று செய்தி அனுப்புகிறது. தேதி தெரிந்தால் மனிதர் அதற்குள் வேலையை மாற்றி அமைத்துக்கொள்வார். வாடிக்கையாளரிடம் சொல்லுவார், கடன் வாங்குவார், வேறு வழி பார்ப்பார். "சில நாட்கள்" என்றால் தினமும் காலையில் எழுந்து போனைப் பார்ப்பதைத் தவிர வேறு ஒன்றும் செய்ய முடியாது. அக்கா அதைத்தான் செய்தார். மெஷினை மிதித்துக்கொண்டே பக்கத்தில் போனை நிமிர்த்தி வைத்திருப்பார். ஒவ்வொரு விளம்பர எஸ்எம்எஸ்ஸுக்கும் கால் நிற்கும்.

வங்கி லாக்கர் சாவி தொலைந்தால் என்ன செய்கிறார்கள்? விண்ணப்பம், கட்டணம், ஒரு தேதி. அந்தத் தேதியில் நம்மை வைத்துக்கொண்டே உடைத்துத் திறக்கிறார்கள். கோடிக்கணக்கான இந்தியர்களின் கணக்கை வைத்திருக்கும் நிறுவனங்கள் அதைப்போல ஓர் ஏற்பாடு செய்ய முடியாதா? ஆதாரையும் முகத்தையும் சரிபார்க்க ஊர் ஊராக இ-சேவை மையங்களும் தபால் நிலையங்களும் இருக்கின்றன. கணக்கோடு சேர்ந்த போன் நம்பர் யார் பெயரில் இருக்கிறது என்பது தொலைபேசி நிறுவனத்துக்குத் தெரியும். அக்காவைப் பார்த்து, இவர்தான் அவர் என்று அரை மணி நேரத்தில் சொல்லிவிட அந்த சிம் கடைப் பையனால் முடிந்ததே.

சட்டத்தில் ஒரு சிறிய ஜன்னல் இருக்கிறது. பலருக்குத் தெரியாது. 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி இத்தகைய நிறுவனங்கள் ஒரு குறைதீர்ப்பு அலுவலரை நியமித்து, அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் வெளியிட வேண்டும். புகார் வந்து 24 மணி நேரத்துக்குள் ஒப்புகை, விதி குறித்த கெடுவுக்குள் தீர்வு. திருப்தியில்லை என்றால் 30 நாளுக்குள் மத்திய அரசு 2023-இல் அமைத்த மேல்முறையீட்டுக் குழுவிடம் ஆன்லைனில் போகலாம். அந்த அலுவலரின் விவரம் நிறுவனத்தின் தளத்தில் எங்கோ அடியில், சிறிய எழுத்தில் இருந்தது. மகளின் மின்னஞ்சலிலிருந்து எழுதினோம். போலீஸ் புகார் எண், சிம் மாற்றிய தேதி, லேப்டாப்பிலிருந்து கோரிக்கை வைத்த நேரம் எல்லாவற்றையும் வைத்தோம். ஒப்புகை வந்தது, தானியங்கிப் பதில்தான். ஆனாலும் அதில் ஒரு எண் இருந்தது. அதை அக்கா அளவு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டார்.

அந்தப் புகாருக்குத் தீர்வு வரும் முன்பே, ஒருநாள் மாலை, மீட்பு இணைப்பு எஸ்எம்எஸ்ஸில் வந்தது. திறந்தோம். படங்கள் இருந்தன, நம்பர்கள் இருந்தன. அதற்குள் ஒரு கல்யாணப் பெண் வேறு கடைக்குப் போய்விட்டாள் என்று நம்பர் கிடைத்ததும் போன் செய்தபோது தெரிந்தது. இன்னொரு வீட்டார் காத்திருந்தார்கள், துணியோடு மறுநாளே வருகிறோம் என்றார்கள். உட்கார்ந்த இடத்திலேயே திருடுபோன போனைக் கணக்கிலிருந்து வெளியேற்றினோம். பாஸ்வேர்டை மாற்றினோம். மகளின் மின்னஞ்சலை மீட்புக்குக் கொடுத்தோம். ஒருமுறை மட்டும் பயன்படும் அவசரக் குறியீடுகளைப் பேப்பரில் எழுதி, வங்கி பாஸ்புக் உறைக்குள் வைத்தோம்.

லேப்டாப்பை மூடும்போது அக்கா சொன்னார், "எதிர் பிளாட்பாரத்துல பூக்கட்டுற அம்மாவுக்கும் கடைப் பையன்தான் மெயில் போட்டுக் குடுத்திருக்கான் தம்பி. நாளைக்கு அவங்களையும் போனை எடுத்துட்டு வரச் சொல்றேன். தொலையறதுக்கு முன்னாடியே எழுதி வெச்சுடு."