மழைக் கணக்கும் கொழுந்துக் கணக்கும்

ஹட்டன், சனி

பகல் முழுக்க எம்.ஏ. விஜேரத்னவின் ஆய்வுகளோடு இருந்தேன். தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்தில் விஞ்ஞானியாக இருந்தவர். காலநிலை மாற்றம் இலங்கைத் தேயிலையை எப்படிப் பாதிக்கும் என்று 1996இலேயே எழுதியவர். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லயத்தில் அன்று அந்தச் சொல்லையே யாரும் கேட்டதில்லை.

2007இல் சக ஆய்வாளர்களோடு எண்களையே எடுத்து வைத்தார். செடிக்கு உகந்த வெப்பம் சுமார் 22 பாகை. பிரதேசத்தைப் பொறுத்து மாதம் 223 முதல் 417 மில்லிமீற்றர் மழை வேண்டும். அதில் 100 மில்லிமீற்றர் குறைந்தால் ஹெக்டேயருக்கு 30 முதல் 80 கிலோ வரை விளைச்சல் விழலாம். ஒரே கேள்வியைப் பத்து வருடத்துக்கு மேல் விடாமல் பிடித்திருந்தாரே, அதற்கே அவரை வணங்கலாம்.

ஞாயிறு

அம்மாவிடம் அந்த 80 கிலோவைச் சொன்னேன். "தூளா, பச்சையா?" என்றார் உடனே.

தூள்தான். ஒரு கிலோ தூளுக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். அப்படியென்றால் 360 கிலோ. ஆளுக்கு நாளொன்றுக்கு 18 கிலோ என்று வைத்தால் இருபது பேரின் முழுநாள் வேலை.

"கொழுந்து இல்லாட்டியும் மலை ஏறித்தானே ஆகணும்? தராசுல குறைஞ்சா அரைப் பேருதான்." அரைப் பேர் என்றால் அரைநாள் சம்பளம்.

மழை பொய்த்த மாதத்தின் நட்டம் முதலில் இறங்குவது இந்தத் தராசில். ஆய்வு அதுவரை வரவில்லை.

செவ்வாய்

வெப்பம் கூடினாலும் உயர்நிலத் தேயிலைக்குப் பெரிய பாதிப்பில்லை என்கிறது அதே ஆய்வு. நுவரெலியாவின் சராசரி வெப்பம் 16 பாகை அளவில்தான். செடிக்கு இன்னும் இடமிருக்கிறது. சரிவில் நிற்கும் லயத்துக்கு? 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் கடும் மழையால் மண் சரிந்து லயங்களை மூடியதை மலையகம் மறக்கவில்லை. தோட்டத்து மழைமானி விளைச்சலுக்கு மட்டுமல்ல, உயிருக்கும் அளவுகோல்.

விஜேரத்ன செடிக்காகக் கேட்டார். அது அவர் துறை, நன்றாகவே செய்தார். கொழுந்து பறிப்பவருக்காகக் கேட்கும் விஞ்ஞானி எங்கள் லயங்களிலிருந்து வரவேண்டும். வரமுடியும் என்று மனதார நம்புகிறேன்.

தோட்டப் பாடசாலை ஆசிரியர்களே, உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்க ஆசைப்படும் பிள்ளையை "கஷ்டம்" என்று சொல்லித் திருப்பாதீர்கள். தோட்ட அலுவலகத்தில் அனுமதி கேட்டு அந்தப் பிள்ளையை மழைமானியின் அளவைத் தினமும் குறிக்க வையுங்கள்.