துப்பாக்கி போல்ட்டுல புள்ளிக் கோலம்

ரைஃபிள்ல தோட்டாவை உள்ள தள்ளிப் பூட்டுற உருளை இருக்கே, அதான் போல்ட். அது மேல மீன் செதிலாட்டம் சின்னச் சின்ன வட்டமா மினுமினுப்பு போடுவாங்க. பேரு ஜுவலிங். (நகைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்க!)

டிரில்லிங் மெஷின்ல டிரில் பிட்டுக்குப் பதிலா ஒரு ரப்பர் குச்சி. வால்வுக்குப் போடுற கிரைண்டிங் பேஸ்ட்டைத் தடவி, லேசா அழுத்தி எடுத்தா ஒரு வட்டம். அதுல பாதியை மூடுற மாதிரி நகர்த்தி அடுத்தது. வரிசை முடிஞ்சா போல்ட்டைக் கொஞ்சம் திருப்பி மறுபடி. ஒண்ணு கோணினா மொத்தமும் கண்ணை உறுத்தும். 1927-ல லிண்ட்பெர்க் அட்லாண்டிக்கைத் தாண்டின விமானத்தோட மூக்குல பளபளத்ததும் இதே வேலைப்பாடுதான். எண்ணெய் கொஞ்சம் தங்கும்னு சொல்வாங்க. எனக்கென்னவோ முக்கால்வாசி அழகுக்குத்தான்னு தோணுது.

நம்ம நாட்டுல லைசென்ஸ் இல்லாம துப்பாக்கிப் பாகத்தைத் தொட்டா 1959 ஆயுதச் சட்டம் வந்து நிக்கும். அதனால அடி அண்ணாமலையில தெரிஞ்சவர் பட்டறையில வெறும் இரும்பு ராடுல போட்டுப் பாத்தேன்.

பட்டாளத்துல இருந்த பெரியப்பா கூட வந்திருந்தார். "மின்னுனா எதிரி பாத்துடுவான்டா"ன்னு ஒரே நக்கல். அவருக்கு இப்பல்லாம் கை நடுங்குது, காபி டம்ளரைக்கூட ரெண்டு கையாலதான் பிடிப்பார். சும்மா மெஷின் கைப்பிடியைக் குடுத்தேன். கீழ இறக்கி அழுத்தும்போது நடுக்கம் நின்னுடுச்சு! ஒரு வரிசை, பதினோரு வட்டம், ஒண்ணுகூட கோணல.

"அடுத்த வரிசைக்குத் திருப்புடா"ன்னார்.